கொயோட்டி வேட்டைக்குத் தோட்டா தேர்ந்தெடுப்பது எப்படி

கொயோட்டி என்பது வட அமெரிக்காவில் திரியும், நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த காட்டு மிருகம். அதன் வேட்டைக்குப் புதிதாக இறங்குகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது எந்தக் காலிபர், அதாவது எந்தக் குழல் அளவுத் துப்பாக்கி, நல்லது என்றுதான். நான் பதில் சொல்லும் முன் மூன்று விஷயம் கேட்டுக்கொள்வேன். எவ்வளவு தூரத்தில் சுடப் போகிறீர்கள், தோலை எடுக்கும் எண்ணம் உண்டா, உங்கள் துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் சுருள் வரிகளின் முறுக்கு என்ன. இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் காலிபர் கிட்டத்தட்டத் தானாகவே முடிவாகிவிடும், அநேகமாக நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் துப்பாக்கியே போதும் என்றும் தெரிந்துவிடும். மிச்சம் இருப்பது குண்டு, கவலைப்பட வேண்டியதும் அதைப் பற்றித்தான்.

சொற்களை முதலிலேயே பிரித்துக்கொள்வோம், இல்லாவிட்டால் குழப்பம் வரும். பித்தளைக் கூடு, அதற்குள் வெடிமருந்து, அடியில் அதைப் பற்றவைக்கும் பிரைமர், நுனியில் குண்டு, இவை எல்லாம் சேர்ந்த முழு உருப்படிதான் தோட்டா. குழலை விட்டுப் பறந்து போவது குண்டு மட்டும். ஒரே காலிபரில், ஒரே எடையில், பெட்டி பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு தோட்டாக்களில் குண்டின் கட்டுமானம் வேறாக இருந்தால், மிருகத்தின் மேல் பட்டதும் நடப்பதும் முழுக்க வேறாக இருக்கும்.

குண்டைப் பற்றிப் பேசும் முன் மிருகத்தைக் கொஞ்சம் பாருங்கள். குள்ளநரியைவிடப் பெரியது, ஓநாயைவிட நன்றாகச் சிறியது. அமெரிக்காவின் மேற்குச் சமவெளிகளில் பெரும்பாலும் 10 முதல் 15 கிலோ இருக்கும், வடகிழக்கு மாநிலங்களில் 20 கிலோவைத் தொடுவதும் உண்டு. குளிர்காலத்தில் அடர்ந்த ரோமத்தோடு ஒரு கொயோட்டி எதிரே வந்து நின்றால் பெரிய நாய் ஒன்று நிற்பது போலத் தெரியும். சுட்ட பிறகு பக்கத்தில் போய் மார்பு ரோமத்துக்குள் விரல்களை விட்டு விலக்கிப் பாருங்கள், நாலு விரல் ஆழம் வரை வெறும் ரோமம், அதற்குள்ளே ஒடுங்கிய, தட்டையான ஒரு மார்புக்கூடு. பக்கவாட்டில் நின்றால் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் உங்கள் உள்ளங்கையை விரித்து வைத்த அளவுதான். நேர் எதிரே நின்றால் அதிலும் குறைவு.

அந்த நேர் எதிர் நிலை முக்கியம், பல பேர் இதை யோசிப்பதே இல்லை. கொயோட்டி வேட்டை பெரும்பாலும் கூப்பிட்டு வரவழைத்துச் செய்வது. முயல் அலறுகிற சத்தத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள், அது சத்தம் வந்த திசையைப் பார்த்துக்கொண்டே நேராக உங்களை நோக்கி ஓடிவரும். அதனால் உங்களுக்குக் கிடைக்கிற வாய்ப்புகளில் பாதியாவது மார்பு உங்களைப் பார்த்திருக்கும் நிலையில், அல்லது தோள் சற்றுத் திரும்பிய சாய்கோணத்தில்தான் இருக்கும். விலா எலும்புக்கு நடுவே சுலபமாக உள்ளே நுழைந்து வெடிக்கிற குண்டு, தோள்பட்டை எலும்பில் பட்டால் அதே வேலையைச் செய்யும் என்று சொல்ல முடியாது.

இதை நான் கற்றுக்கொண்டது நல்ல விதத்தில் அல்ல. ஆரம்ப வருடங்களில் சின்னக் காலிபரான .223 துப்பாக்கியில், ஈயத்தின் மேல் மிக மெல்லிய உலோக உறை போட்ட 40 கிரெய்ன் குண்டு வைத்திருந்தேன், புல்வெளி அணில் மாதிரி சின்னப் பிராணிகளுக்கென்று செய்த வகை. அறுபது கெஜத்தில், சற்றே சாய்ந்து நின்ற கொயோட்டியின் தோள் முனையில் பட்டது. அது சுழன்று தன் தோளையே கடித்தது, விழுந்தது, எழுந்து ஓடிவிட்டது. பனியில் ரத்தத் துளிகளைப் பார்த்துப் பார்த்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நடந்து ஓடைக்கரையில் கண்டுபிடித்து இரண்டாவது குண்டில் முடித்தேன். பார்த்தால் முதல் குண்டு தோள் எலும்பின் மேலேயே தூள்தூளாகி, அகலமாக, ஆனால் ஆழமே இல்லாத ஒரு காயத்தை உண்டாக்கியிருந்தது. மார்புக்குள் எதுவும் போகவில்லை. அந்த இரண்டு மணி நேரம் அந்த மிருகம் பட்ட வேதனைக்குக் காரணம் என் குறி அல்ல, நான் யோசிக்காமல் வாங்கிய பெட்டி. அதற்குப் பிறகுதான் குண்டுகளைப் பற்றி ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன்.

கிரெய்ன் என்பது எடை. ஏழாயிரம் கிரெய்ன் சேர்ந்தால் ஒரு பவுண்டு. இரண்டு கிரெய்ன் கிட்டத்தட்ட ஒரு குன்றிமணி எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். 55 கிரெய்ன் குண்டு மூன்றரை கிராமுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இவ்வளவு சின்ன உருப்படி வேலை செய்வது வேகத்தாலும், உடைகிற விதத்தாலும்தான்.

கடையில் பார்க்கிற குண்டுகளைக் கட்டுமானப்படி பிரித்தால் உங்களுக்குத் தேவையானது சீக்கிரம் தெரிந்துவிடும். முதலில் பிளாஸ்டிக் முனை வைத்த, மெல்லிய உறையுள்ள வகை: ஹார்னடி வி-மேக்ஸ், நாஸ்லர் பாலிஸ்டிக் டிப் வார்மின்ட், சியரா பிளிட்ஸ்கிங் எல்லாம் இந்தக் குடும்பம். முனை பட்டதும் உள்ளே தள்ளப்பட்டு குண்டு வேகமாக விரிந்து உடைகிறது, சக்தி முழுவதும் மார்புக்குள்ளேயே இறங்குகிறது. பெரும்பாலும் மறுபக்கம் துளையே இருக்காது, அதனால் தோலும் தப்பிக்கும். இரண்டாவது சாதாரண மென்முனை ஈயக் குண்டு. கொஞ்சம் நிதானமாக விரியும், ஆழமாகப் போகும், விலையும் குறைவு, மறுபக்கம் துளை போடலாம். மூன்றாவது மானுக்கென்று செய்த கெட்டியான குண்டுகள், ஈயத்தை உறையோடு ஒட்டவைத்தவையும் முழுச் செம்பாலானவையும் இதில் சேரும். இவை கொயோட்டியின் மெல்லிய உடம்பில் விரிய நேரமே இல்லாமல் ஊடுருவிப் போய்விடக்கூடும், அடிபட்ட மிருகம் நூறு இருநூறு கெஜம் ஓடும்.

நான்காவது முழு உலோக உறை போட்டது, ராணுவப் பாணிக் குண்டு. மலிவாக, மூட்டை மூட்டையாகக் கிடைக்கும் என்பதால் புதியவர்கள் கை முதலில் இதன் மேல்தான் போகும். கொயோட்டிக்கு இதை வாங்காதீர்கள். பென்சிலால் குத்தியது போல நுழைந்து அப்படியே வெளியேறிவிடுவதும் உண்டு, மிருகம் எங்கேயோ போய் மெதுவாகச் சாகும். உறைந்த தரையிலோ பாறையிலோ பட்டால் உடையாமல் தெறித்துப் போகும் ஆபத்தும் இதில்தான் அதிகம். சில மாநிலங்களில் வேட்டைக்கு இதைத் தடையே செய்திருக்கிறார்கள். பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், சரி, வேட்டைக்குக் கிளம்பும்போது மேகசினில், அதாவது துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கும் பெட்டியில், அது இருக்கக் கூடாது.

முதல் வகைதான் பெரும்பாலானவர்களுக்கு. ஆனால் அந்தக் குடும்பத்துக்குள்ளேயே எடை பார்த்து எடுக்க வேண்டும், என் அனுபவம் சொல்வது அதைத்தான். .223-இல் 35, 40 கிரெய்ன் என்று கீழே போகாமல் 50 முதல் 55 கிரெய்ன் வரை நில்லுங்கள். அதே பிளாஸ்டிக் முனை, அதே மெல்லிய உறை, ஆனால் எதிரே நிற்கும் மார்பிலோ தோளிலோ பட்டாலும் உள்ளே போய்ச் சேருமளவு உடம்பு அதில் இருக்கும்.

இப்போது காலிபருக்கு வருவோம். .223 ரெமிங்டன் தான் என் முதல் சிபாரிசு, கையில் வேறு எதுவும் இல்லாமல் ஆரம்பிக்கிறவர்களுக்கு. தோட்டா எங்கேயும் கிடைக்கும், உதைப்பு மிகக் குறைவு, அதனால் சுட்டபின் ஸ்கோப்பிலேயே (துப்பாக்கி மேல் பொருத்தும் தொலைநோக்கி) மிருகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், பயிற்சி செய்ய மனசும் வரும். 55 கிரெய்ன் வி-மேக்ஸ் பெட்டியில் வினாடிக்கு 3,240 அடி என்று போட்டிருப்பார்கள். அது 24 அங்குலக் குழலில் அளந்தது. உங்களுடையது 16 அங்குலக் குழல் உள்ள ஏஆர் (அரைத் தானியங்கி) வகையாக இருந்தால் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறத்தாழ இருபது முப்பது அடி வேகம் குறையும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 250 கெஜம் வரை இது தாராளமாகப் போதும், அதற்கு மேல் காற்று உங்களைப் படுத்தும்.

திறந்த சமவெளியில் 300 கெஜம், அதற்கு மேல் என்று பழகினவர்களுக்கு .22-250. முதலில் ஆர்வலர்கள் தாங்களே செய்துகொண்ட தோட்டாவாக இருந்து, 1965-இல் ரெமிங்டன் கம்பெனி தன் பெயரைப் போட்டு விற்க ஆரம்பித்தது. அதே 55 கிரெய்ன் குண்டை 3,680 அடி வேகத்தில் தள்ளும், பாதை நன்றாகத் தட்டையாக இருக்கும். குழல் சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் தேயும், ஆனால் ஒரு நாளைக்கு மூன்று நாலு தோட்டா சுடும் கொயோட்டி வேட்டைக்காரருக்கு அது பெரிய பிரச்சினையே இல்லை. 2004-இல் வந்த .204 ரூகர் தோல் எடுப்பவர்களுக்குப் பிடித்தது. 32 கிரெய்ன் குண்டு 4,200 அடிக்கு மேல், 40 கிரெய்ன் 3,900 அடி. நான் 40-ஐத்தான் எடுப்பேன், காற்றையும் எலும்பையும் அது கொஞ்சம் நன்றாகத் தாங்கும். .243 வின்செஸ்டர், 1955-இலிருந்து இருப்பது, மான் வேட்டைக்கும் அதையே வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்குச் சரி. காற்று பலமாக அடிக்கும் இடங்களில் இது தனியாகத் தெரியும். ஆனால் 58 கிரெய்ன் வி-மேக்ஸை 60 கெஜத்தில் சுட்டால் தோலில் பெரிய ஓட்டை விழும், தோல் வேண்டுமென்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் .308 அல்லது 6.5 கிரீட்மோர் மட்டும்தான் இருக்கிறதா? தாராளமாகப் போங்கள், தோல் எதிர்பார்க்காதீர்கள், பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள். .22 எல்ஆர் என்ற சின்னத் தோட்டா வேண்டாம். .17 எச்எம்ஆர், .22 மேக்னம் இரண்டும் நெருக்கத்தில், பக்கவாட்டில், பொறுமையாக இடம் பார்த்துச் சுடத் தெரிந்தவர்கள் கையில் வேலை செய்யும், ஆனால் .17-இல் 17 கிரெய்ன் குண்டுதான் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. புதியவர்களுக்கு நான் அவற்றைச் சொல்வதில்லை.

அடுத்தது குழல் முறுக்கு. குழலுக்குள்ளே சுருள் வரிகள் இருக்கும், அவைதான் குண்டைச் சுழற்றி நேராகப் பறக்க வைக்கின்றன. ஏழு அங்குலத்தில் ஒரு முழுச் சுற்று என்றால் 1:7, பன்னிரண்டு அங்குலத்தில் ஒன்று என்றால் 1:12. குண்டு நீளமாக ஆக ஆக வேகமான முறுக்கு வேண்டும். பழைய போல்ட் வகை (ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இழுத்து ஏற்றும்) .223 துப்பாக்கிகள் பலவற்றில் 1:12 இருக்கும், அதில் 55 கிரெய்ன் வரை நன்றாகப் போகும், 69 கிரெய்ன் போட்டால் குண்டு தள்ளாடி, காகிதத்தில் வட்டத் துளைக்குப் பதிலாகப் பக்கவாட்டில் மோதிய நீள்துளை விழும். அந்த மாதிரி ஒரே ஒரு துளையைப் பார்த்தாலும் அந்தப் பெட்டியை ஓரமாக வைத்துவிடுங்கள். 1:8, 1:9 இருந்தால் கொயோட்டிக்கு ஏற்ற எல்லா எடையும் ஓடும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1:7 குழலில் 3,240 அடி வேகத்தில் போகும் குண்டு நிமிடத்துக்கு மூன்று லட்சத்து முப்பதாயிரம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது, அதே வேகத்தில் 1:12 குழலில் இரண்டு லட்சத்துக்கும் குறைவுதான். மிக மெல்லிய உறை போட்ட சில லேசான குண்டுகள் அந்தச் சுழற்சியைத் தாங்காமல் ஆகாயத்திலேயே பிரிந்துவிடும், ஒரு சாம்பல் நிறக் கோடு மட்டும் தெரியும், இலக்கில் துளையே இருக்காது. குண்டுப் பெட்டியிலோ உற்பத்தியாளரின் கையேட்டிலோ அதிகபட்ச வேகம் எழுதியிருந்தால் அதை மதியுங்கள்.

உங்கள் முறுக்கு என்னவென்று குழலில் பொறித்திருக்காவிட்டால் நீங்களே அளக்கலாம். துடைக்கும் கம்பியில், பிடிக்குள் தாராளமாகச் சுழல்கிற மாதிரிக் கம்பியாக இருக்க வேண்டும், இறுக்கமாகத் துணியைச் சுற்றி வெறும் குழலுக்குள் சில அங்குலம் தள்ளுங்கள். கம்பியின் மேல்பக்கம் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். மெதுவாகத் தள்ளிக்கொண்டே போனால் கம்பி சுழலும், புள்ளி கீழே போய்த் திரும்பவும் மேலே வரும். அதற்குள் கம்பி எத்தனை அங்குலம் உள்ளே போனதோ அதுதான் உங்கள் முறுக்கு. தொடங்கும் முன் துப்பாக்கி காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிடுங்கள்.

பாதுகாப்பில் இரண்டு விஷயம், இவற்றில் தளர்வே கூடாது. குழலில் .223 ரெமிங்டன் என்று மட்டும் பொறித்திருந்தால் 5.56 நேட்டோ என்ற ராணுவத் தோட்டாவை அதில் போடாதீர்கள். கூடு பார்க்க ஒன்றுதான், ஆனால் 5.56-க்கு உள்ள அறையில் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) வரிகள் தொடங்கும் முன் இடைவெளி அதிகம், அந்தத் தோட்டா .223 அறையில் வெடித்தால் அழுத்தம் வரம்பைத் தாண்டலாம். 5.56 குழலில் .223 போடலாம், .223 வைல்ட் என்று பொறித்திருந்தால் இரண்டும் ஓடும். இரண்டாவது இன்னும் மோசம்: பருமனான குண்டுள்ள .300 பிளாக்அவுட் தோட்டா .223-இன் மேகசினிலேயே உட்காரும், சில சமயம் .223 அறைக்குள்ளும் போய்விடும், சுட்டால் துப்பாக்கி சிதறும். இரண்டும் வீட்டில் இருந்தால் மேகசின்களுக்கு வேறு வேறு நிறத்தில் டேப் ஒட்டுங்கள், வேட்டைப் பையில் இரண்டையும் சேர்த்து எடுத்துப் போகவே வேண்டாம்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்தக் காட்டு உயிரைத் துப்பாக்கியால் சுட்டாலும் ஈயம் இல்லாத குண்டுதான், கொயோட்டியும் அதில் அடக்கம். இரவில் எந்தத் தோட்டா, எந்த விளக்கு என்பதற்கும் பல மாநிலங்களில் தனி விதி உண்டு, ஒவ்வோர் ஆண்டும் மாநில வனவிலங்குத் துறையின் புதிய விதிப் புத்தகத்தைப் படியுங்கள். ஓநாய்கள் திரிகிற பகுதி என்றால் தோட்டாவுக்கு முன் மிருகத்தை அடையாளம் காண்பது வருகிறது. வட கரோலினாவின் கிழக்கோரம் இருக்கும் சிவப்பு ஓநாய் தூரத்தில் கொயோட்டி போலவே தெரியும், மொத்தத்தில் மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன. சந்தேகம் இருந்தால் சுடக் கூடாது.

ஈயத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், சட்டம் இல்லாத மாநிலங்களிலும். உடைந்து சிதறும் குண்டு என்று நாம் பாராட்டுகிறோமே, அந்தச் சிதறல் முழுவதும் உடம்புக்குள் இருக்கிறது. தோலை உரித்துவிட்டு உடலை வயலில் விட்டால் கழுகும் காக்கையும் அதைத் தின்னும், ஈயம் அவற்றின் வயிற்றில் சேரும். ஒன்று குழி தோண்டிப் புதையுங்கள், இல்லை ஈயமில்லாத குண்டுக்கு மாறுங்கள். பார்ன்ஸ் வார்மின்ட் கிரனேடும் ஹார்னடி என்டிஎக்ஸும் இதற்கென்றே செய்தவை, செம்பு கலந்த பொடி மாதிரியான உள்ளீட்டோடு உடைந்து சிதறும். செம்பு ஈயத்தைவிட லேசானது, அதனால் அதே எடைக்குக் குண்டு நீளமாக இருக்கும், அப்போது மேலே சொன்ன முறுக்குக் கணக்கு திரும்ப வருகிறது. 36 கிரெய்ன் என்று எழுதியிருக்கிறதே, லேசான குண்டுதானே என்று நினைக்காமல் பெட்டியில் சொல்லியிருக்கும் முறுக்கைப் பாருங்கள்.

சரி, இப்போது வாங்குவது. ஒரே வகையில் பத்துப் பெட்டி வாங்காதீர்கள். உங்கள் முறுக்குக்கும் தூரத்துக்கும் ஒத்துவரும் மூன்று நாலு வகைகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, காற்று இல்லாத காலையில் 100 கெஜத்தில் மணல் பை மேல் வைத்து ஐந்து ஐந்தாகச் சுடுங்கள், ஒவ்வொரு வகையிலும் இரண்டு முறை. இடையில் குழலை ஆறவிடுங்கள். ஐந்து துளைகளும் ஒன்றரை அங்குலத்துக்குள் விழுந்தால் கொயோட்டிக்கு அது போதும், ஓர் அங்குலம் என்றால் மிக நன்று. விலை அதிகமானதுதான் நன்றாக விழும் என்று எந்த உறுதியும் இல்லை, ஒரே கம்பெனியின் ஒரே மாதிரித் துப்பாக்கிகள் இரண்டுக்கு வேறு வேறு தோட்டா பிடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். குளிர்ந்த குழலில் விழும் முதல் குண்டைத் தனியாகக் குறித்து வையுங்கள், வேட்டையில் நீங்கள் சுடப் போவது அந்த முதல் குண்டைத்தான். எது ஜெயித்ததோ அதே லாட் எண் (ஒரே தடவையில் தயாரித்ததைக் காட்டும் எண்) உள்ள பெட்டிகளை அந்தப் பருவத்துக்குப் போதுமான அளவு வாங்கிவிடுங்கள்.

ஸ்கோப்பை 200 கெஜத்துக்கு நேர்செய்யுங்கள். .223-இல் 55 கிரெய்ன் வி-மேக்ஸ் என்றால் அப்போது 100 கெஜத்தில் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் மேலே போகும், 300-இல் ஏழு அங்குலம் கீழே இறங்கும். .22-250 என்றால் 300-இல் ஐந்து அங்குலம்தான். அதாவது 200 வரை எதையும் யோசிக்காமல் மார்பின் நடுவே வைத்துச் சுடலாம், ஓடிவந்து இரண்டு வினாடி மட்டும் நிற்கிற மிருகத்தின் முன்னால் கணக்குப் போட நேரம் இருக்காது. ஆனால் இறக்கத்தைவிடக் காற்றுதான் கொயோட்டியைக் காயப்படுத்தித் தப்பவிடுகிறது. குறுக்கே மணிக்கு 10 மைல் வேகத்தில், முகத்தில் நன்றாகத் தெரிகிற அளவு காற்று அடித்தால், அந்த .223 குண்டு 200 கெஜத்தில் நாலு அங்குலத்துக்கு மேல் நகரும், 300-இல் பத்து அங்குலத்தைத் தாண்டும். உள்ளங்கை அளவு இடம் என்று சொன்னேனே, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காற்று அதற்கு மேல் இருந்தால் .223-ஐ வைத்துக்கொண்டு நான் 200-க்கு அப்பால் சுடுவதில்லை, இன்னும் கிட்டே வரட்டும் என்று காத்திருப்பேன்.

கோடையில் நேர்செய்த துப்பாக்கியை அப்படியே ஜனவரிக்கு எடுத்துப் போகாதீர்கள். குளிரில் மருந்து மெதுவாக எரியும், வேகம் குறையும், சில மருந்துகளில் அது கொஞ்சம், சிலவற்றில் நன்றாகத் தெரியும். முதல் உறைபனி வந்ததும் துப்பாக்கியையும் தோட்டாவையும் ஒரு மணி நேரம் வெளியே வைத்து ஆறவிட்டு, வேட்டைக்குப் போடும் அதே தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு, 100-இலும் 200-இலும் மூன்று மூன்று தோட்டா சுட்டுப் பாருங்கள். விழுந்த இடத்தை, லாட் எண்ணோடு, ஒரு சின்னக் காகிதத்தில் எழுதித் துப்பாக்கிக் கட்டையின் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். கையுறை போட்ட விரலோடு, பாதி இருட்டில் படிக்கும்படி பெரிய எழுத்தாக எழுதுங்கள்.